தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுத விடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் பவானிக்குப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 53 வயது. 1988இல், 16 வயதில் சாயப்பட்டறை வேலைக்குப் போனவர். 27 வருஷம் அதே வேலைதான், மூன்று பட்டறைகளில். பத்து வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு இப்போது டீக்கடை வைத்திருக்கிறோம். ஆடி மாதம் ஒருநாள் காலையில் அவருக்குச் சிறுநீர் பீட்ரூட் தண்ணீர் மாதிரி சிவப்பாகப் போயிருக்கிறது. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. சூடாக இருக்கும் என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்தேன், இரண்டு நாளில் நின்றுவிட்டது. கார்த்திகையில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கட்டி கட்டியாக. பக்கத்து டாக்டர் கல்லாக இருக்கும் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார், நின்றுவிட்டது. இவரோ “இத்தனை வருஷம் குடிச்ச சாயம் இறங்குது, போ” என்று சிரிக்கிறார். கூட வேலை பார்த்த ஒருவருக்குப் போன வருஷம் மூத்திரப்பையில் கேன்சர் என்று கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அதனால்தான் எனக்குப் பயம். வேலையை விட்டுப் பத்து வருஷம் கழித்தும் அதனால் வருமா? என் மகன் ஆறு மாதமாக ஒரு பெரிய டையிங்கில் சாயம் எடை போடும் அறையில் வேலை செய்கிறான். அவனை நிறுத்திவிடட்டுமா? இவருடைய வேலைத் துணியை எல்லாம் நான்தான் துவைத்தேன். எனக்கும் ஏதாவது வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் அப்புறம். இந்த வாரமே உங்கள் வீட்டுக்காரரை சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் ஒரு யூராலஜி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். அங்கிருந்து கோவைக்கு அனுப்பினாலும் போய்விடுங்கள். பொங்கல் முடியட்டும், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கட்டும் என்று தள்ளாதீர்கள்.

ரத்தம் நின்றுவிட்டதே என்றுதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்ப்பைக்குள் வளரும் கட்டி பெரும்பாலும் குளத்துப் பாசி போல மெல்லிய இழை இழையாகத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் இழை முறிந்தால் ரத்தம் வரும். பிறகு தானாகவே அடைத்துக்கொள்ளும். இளநீர் குடித்தாலும் நிற்கும், மாத்திரை சாப்பிட்டாலும் நிற்கும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் நிற்கும். மூன்று மாதமோ நான்கு மாதமோ கழித்து இன்னோர் இழை முறியும். ஆடியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. சூட்டில் வருவது நீர்க்கடுப்பு, அதில் எரிச்சல் இருக்கும். கல்லில் பெரும்பாலும் உயிர் போகிற வலி இருக்கும். வலியே இல்லாமல் சிவப்பாகப் போவதைத்தான் நாங்கள் கவலையோடு பார்ப்போம்.

உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீரில் ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கிருமித்தொற்று, கல், ஐம்பதுக்கு மேல் ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் வீக்கம் என்று எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் ஐம்பது தாண்டிய வயது, வலியில்லாத ரத்தம், அதுவும் இரண்டு தடவை, கூடவே 27 வருஷச் சாயப்பட்டறை வேலை. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது, ‘இல்லை’ என்று உள்ளே பார்த்து உறுதி செய்த பிறகுதான் ‘இல்லை’ என்று சொல்ல முடியும்.

அந்தப் பக்கத்து டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே அதைச் செய்திருக்கிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம், ஓ.பி.யில் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலாக விட்டு விட்டுச் சிறுநீரில் ரத்தம். நான்கு இடத்தில் கல்லுக்கு மருந்து சாப்பிட்டிருந்தார். நானும் அதையே எழுதிக் கொடுத்தேன். ஓ.பி. சீட்டில் ‘தொழில்’ என்று ஓர் இடம் இருக்கும். அதில் ‘கூலி’ என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான். கையெழுத்துப் போட அவர் பேனாவை வாங்கினார். பத்து விரல் நகத்தின் ஓரத்திலும் கருநீலம் ஏறியிருந்தது. பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டது. அப்போது சீனியர் ஒருவர் அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தப் பட்டறைங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தொழில்நோய்களைப் பார்க்கும் இந்தத் துறைக்கு நான் வந்ததற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம்.

‘கூலி’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் மறைந்துபோகிறது. மரப்பட்டறையில் இருபது வருஷம் இழைப்புத் தூளைச் சுவாசித்தவரும் கூலிதான். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து அதில் ரத்தம் கசிகிறது என்று வந்தால் அவருடைய வேலையைத் தெரிந்துகொண்டுதான் மூக்குக்குள் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பம் போட்டு அறுத்தவர், கல் உடைத்தவர், மூடிய கொட்டகைக்குள் வெல்டிங் அடித்தவர், குரோமியம் முலாம் பூசும் தொட்டியில் நின்றவர் என்று எல்லோருமே சீட்டில் கூலிதான். பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இவர்கள் சுவாசிக்கும் மரத்தூள், ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா தூசி, வெல்டிங் புகை, ஆறு இணைதிறன் குரோமியம் எல்லாவற்றையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. பட்டியல் அங்கே இருக்கிறது, நோயாளி இங்கே இருக்கிறார், நடுவில் ஓ.பி. சீட்டில் ‘கூலி’.

அதனால் டாக்டரிடம் போகும் முன் ஒரு முழுத்தாளை எடுத்து உங்கள் வீட்டுக்காரரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை எந்தப் பட்டறை. அங்கே என்ன வேலை: சாயம் கலக்கினாரா, சிட்டா நூலைத் தொட்டியில் திருப்பினாரா, பிழிந்தாரா, உலர்த்தினாரா. என்ன சாயம்: டைரக்டா, நாப்தாலா, வாட்டா, ரியாக்டிவா. நாப்தால் என்றால் அதோடு கலக்கும் பேஸ் எது. டப்பாவில் இருந்த பெயர் ஞாபகம் இருந்தால் அதையும். கையுறை உண்டா, வெறும் கையா. யார் யாருக்கு இந்த நோய் வந்தது. சொல்லச் சொல்ல ஞாபகம் வரும். இந்தத் தாளை டாக்டர் மேசையில் வையுங்கள். சீட்டில் ‘கூலி’ என்று எழுதினால், “சாயப்பட்டறையில் 27 வருஷம்னு எழுதுங்க சார்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. பத்து வருஷம் கழித்தும் வருமா? வரும். இதில் விவாதமே இல்லை.

சாயத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1895இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்த மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பகுதியில் வேலை பார்த்தவர்களே நாற்பத்தைந்து பேர்தான். அவ்வளவு சின்னக் கூட்டத்தில் மூன்று என்பது தற்செயலாக இருக்க முடியாது. 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர், சாயத் தொழிலில் பயன்பட்ட 2-நாப்தைலமீனை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீர்ப்பையில் கட்டியை வரவழைத்துக் காட்டினார். 1954இல் பிரிட்டனில் ராபர்ட் கேஸும் அவருடன் இருந்தவர்களும் சாய ஆலைத் தொழிலாளர்களின் கணக்கை எடுத்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்த நோய் பல மடங்கு அதிகம் என்பது எண்ணிக்கையாகவே தெரிந்தது. பென்சிடின், 2-நாப்தைலமீன், 4-அமினோபைபினைல், ஆர்த்தோ டொலுயிடின் ஆகிய நான்கு ரசாயனங்களும் இப்போது அந்த முதல் பிரிவில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுக்காரர் பென்சிடினை நேரடியாகத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் பழைய டைரக்ட் சாயங்கள் பலவற்றை பென்சிடினை வைத்துத்தான் செய்தார்கள். டைரக்ட் பிளாக் 38, டைரக்ட் புளூ 6, டைரக்ட் பிரவுன் 95, காங்கோ ரெட் எல்லாம் அப்படிப்பட்டவை. தூளாக மூக்கில் ஏறியது, சாயக் கையோடு சாப்பிட்டபோது உள்ளே போனது எல்லாம் குடலில் உள்ள கிருமிகளாலும் ஈரலாலும் உடைந்து மறுபடி பென்சிடினாகவே மாறும். அங்கிருந்து சிறுநீரகம், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை. மற்ற இடங்களில் அது ஓடிக்கொண்டே இருக்கும், இங்கே மட்டும் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். சாயம் நூலில் பிடிக்கத் தொட்டியில் ஊறப்போடுவார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான், ஊறுவது சிறுநீர்ப்பையின் உட்சுவர். நாப்தால் சாயத்துக்குக் கலக்கும் பேஸ்களிலும் சில பென்சிடின் போன்ற அமீன் என்ற வகை ரசாயனங்கள்தான், அவை தோல் வழியாகவும் உள்ளே போகும்.

இந்தியாவில் 1990களில்தான் இதற்குத் தடை வந்தது. பென்சிடின் வகைச் சாயங்கள் 42க்கும், 1997இல் உடைந்தால் இதே மாதிரி அமீன்களைத் தரும் மேலும் 70 அசோ வகைச் சாயங்களுக்கும், மொத்தம் 112க்குத் தடை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1994இல் ஜெர்மனி, உடுத்துகிறவர் தோலுக்கு ஆகாது என்று இந்தச் சாயங்களைத் துணியில் தடை செய்தது. ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில்தான் நம் ஊர் ஏற்றுமதிக்காரர்கள் ‘அசோ ஃப்ரீ’ சர்டிபிகேட் தேட ஆரம்பித்தார்கள். துணியை எப்போதோ உடுத்தப்போகிறவரின் தோலுக்காக நடந்த மாற்றம் அது. அந்தச் சாயத்திலேயே முழங்கை வரை நின்றவரை முன்னிட்டு நடக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்தது 1988இல். முதல் சில வருஷம், அதுவும் இளம் வயதில், தடை வருவதற்கு முந்தைய சாயத்தோடுதான் அவர் இருந்திருக்கிறார்.

இந்த நோய் விதைத்தவுடன் முளைக்காது. சாயம் பட ஆரம்பித்து நோய் தெரிவதற்குள் சாதாரணமாக இருபது வருஷம் போகும், சிலருக்கு முப்பது நாற்பது கூட ஆகும். வேலையை விட்டால் புதிதாகப் படுவது நிற்கும், பட்டது பட்டதுதான். 1988இலிருந்து எண்ணினால் 37 வருஷம். பத்து வருஷமாக டீ ஆற்றுகிறார் என்பது அவரை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடாது.

பீடி, சிகரெட் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நுரையீரலுக்காக மட்டும் சொல்லவில்லை. மேலே சொன்ன 2-நாப்தைலமீனும் 4-அமினோபைபினைலும் புகையிலைப் புகையிலும் இருக்கின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு உலகத்தில் முதல் காரணமே புகைதான். பட்டறையில் ஒரு பங்கு வாங்கியவர் பீடியில் இன்னொரு பங்கு வாங்க வேண்டாம். ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன்: பீடி குடிப்பவர் என்று தெரிந்ததும் சிலர் சாயக் கணக்கை மூடிவிடுவார்கள். “பீடியாலதான் வந்துச்சு” என்று முதலாளியும் சொல்வார், சமயத்தில் டாக்டரும் சொல்வார். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுமே தவிர, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முடியாது.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? சிறுநீர்ப் பரிசோதனை, அதில் புற்று அணுக்கள் உதிர்ந்து வருகின்றனவா என்று பார்க்கும் சைட்டாலஜி, வயிற்றுக்கு ஸ்கேன். இதோடு நிறுத்திக்கொண்டு ‘ஸ்கேன் நார்மல்’ என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சின்னக் கட்டியும், சுவரோடு படிந்து தட்டையாக இருக்கும் கட்டியும் ஸ்கேனில் தப்பிவிடும். சிஸ்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு உள்ளே பார்ப்பது. ஆண்கள் இதைக் கேட்டதுமே எழுந்து ஓடப் பார்ப்பார்கள். மரத்துப்போகும் ஜெல் வைத்துத்தான் செய்வார்கள், பார்ப்பதற்குச் சில நிமிஷம்தான். அன்றைக்கும் மறுநாளும் சிறுநீர் கழிக்கும்போது எரியும், லேசாகச் சிவந்தும் போகலாம். காய்ச்சலோ சிறுநீர் அடைப்போ வந்தால் மட்டும் உடனே திரும்பிப் போங்கள்.

கட்டி இருந்துவிட்டால்? கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்கு அது உள் அடுக்கோடுதான் இருக்கும், தசைக்குள் இறங்கியிருக்காது. வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தேவைப்பட்டால் அதன்பிறகு சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறை பி.சி.ஜி. மருந்து விடுவார்கள். ஆமாம், பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பாகக் கையில் போடுவார்களே, அதே பி.சி.ஜி.தான். இந்தக் கட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம், எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப முளைக்கும். அதனால் மூன்று மாதத்தில் ஒருமுறை, அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் வருஷக்கணக்கில் கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிகிச்சைக்கு வந்தவர்களில் பாதியில் நழுவுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நழுவுகிறார்கள். ரத்தம் நின்றதும் போகாமல் விட்டது போலவே, கட்டியை எடுத்ததும் போகாமல் விட்டுவிடுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை உண்டு.

ஆபரேஷன் ஆன அந்தக் கூட்டாளியையும் போய்ப் பாருங்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய் நம் நாட்டுச் சட்டத்தில் தொழில்நோய். 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது பெயரோடு இருந்தது, ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு நோய் வந்தாலும், அந்த வேலையால்தான் வந்தது என்று காட்டினால் இழப்பீடு கேட்க வழி உண்டு. சுலபம் என்று நான் சொல்லவில்லை. பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறைகள், சம்பளச் சீட்டு கிடையாது, ஒன்றிரண்டு மூடியே போயிருக்கும். அதனால்தான் கையில் இருப்பதைச் சேர்த்து வைக்கச் சொல்கிறேன்: ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். சீட்டு, போனஸ் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட ஏதாவது தாள், கூட வேலை பார்த்த இரண்டு பேரின் சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டர் கைப்பட எழுதிய ‘சாயப்பட்டறை, 27 வருஷம்’. நோய் இருப்பது உறுதியானால் தாமதிக்காமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மனு போடக் காலக்கெடு உண்டு.

அடுத்தது மகன். உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பனியன் துணிக்குச் சாயம் போடும் பெரிய ஆலைகளில் இன்று ஓடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அப்பா தொட்டதும் மகன் தொடுவதும் ஒன்றல்ல. ரியாக்டிவ் சாயத்தூளில் நாங்கள் அதிகம் பார்ப்பது ஆஸ்துமா. வேலைக்குப் போன நாளில் தும்மலும் நெஞ்சு இறுக்கமும், ஞாயிற்றுக்கிழமை லீவில் சரியாகிவிடுகிறது என்றால் அதுதான் அடையாளம், அப்போது டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் அவன் நிற்கும் இடம்தான் ஆலையிலேயே மோசமான இடம். ஒரு பெரிய மெஷினில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரில் கரைந்து ஓடும் சாயத்தைவிட, எடை போடும் அறையில் கரண்டியிலிருந்து எழும் தூள்தான் ஆளுக்குள் அதிகம் போகிறது.

அவனிடம் இரண்டு மூன்று விஷயம் கேளுங்கள். தராசுக்கு மேலேயோ பின்னாலேயோ தூளை இழுக்கும் உறிஞ்சி இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா? பல இடங்களில் இருக்கும், சாயத்தூள் வீணாகிறது என்று நிறுத்தி வைத்திருப்பார்கள். சீலிங் ஃபேனோ டேபிள் ஃபேனோ போட்டுக்கொண்டு எடை போடுகிறார்களா? அது தூளை ஊரெல்லாம் பரப்பும். தரையில் சிந்தியதை விளக்குமாறால் பெருக்குகிறார்களா, ஈரத்தால் துடைக்கிறார்களா? பெருக்கக் கூடாது. தூளாக வரும் சாயத்துக்குப் பதில் குருணையாகவோ திரவமாகவோ கிடைப்பதை வாங்கினால் பாதிப் பிரச்சினை வாசலோடு போய்விடும், ஆனால் அது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. மாஸ்க் கடைசியில்தான். துண்டை மூக்கில் கட்டுவது தடுப்பே அல்ல, வேர்வையில் நனைந்த துண்டில் சாயம் ஒட்டி நாள் முழுக்க மூக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். என்.95 போட்டாலும் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது.

சாயப் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர், சாயப் பெயர், சி.ஐ. எண் (கலர் இண்டெக்ஸ் என்ற சாயப் பட்டியலில் அதற்குள்ள அடையாள எண்) இருக்க வேண்டும். பாதுகாப்பு விவரத் தாள், அவர்கள் எம்.எஸ்.டி.எஸ். என்பார்கள், ஸ்டோரில் இருக்க வேண்டும். பெயரே இல்லாத பிளாஸ்டிக் பையில் மலிவு விலைக்கு வரும் கறுப்போ பிரவுனோ இருந்தால், அதைத் தொடச் சொன்னால், அப்போது நான் “வேறு வேலை பார்க்கட்டும்” என்றுதான் சொல்வேன்.

அப்புறம் அவன் கையைப் பாருங்கள். சாயப்பட்டறைக்காரர்கள் சாயங்காலம் கையைக் கழுவும் விதம் எனக்குப் பழக்கம். ப்ளீச்சிங் பவுடரை அப்படியே அள்ளிப் போட்டுத் தேய்ப்பார்கள், அல்லது தொட்டிக்குப் போடும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தில் முக்குவார்கள். நிமிஷத்தில் கை வெளுத்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைய வேண்டுமே, நிறத்தோடு எப்படிப் பிசைவது என்பார்கள். நியாயம்தான். ஆனால் வெளுப்பது சாயம் மட்டுமல்ல, தோலின் எண்ணெய்ப் பசையும் காவலும் சேர்ந்து போய்விடுகிறது. காய்ந்து வெடித்த தோல் வழியாக மறுநாள் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். அதனால் நைட்ரைல் கையுறை, கிழிந்தால் அன்றே மாற்ற வேண்டும். உள்ளே சாயம் போன கையுறையைப் போட்டுக்கொண்டிருப்பது வெறும் கையைவிட மோசம். மீறிப் பட்டால் சோப்பும் தண்ணீரும். நிறம் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கையோடு பீடியோ டீயோ வடையோ கூடாது.

தண்ணீர் நிறையக் குடித்தால் கழுவிப் போய்விடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குடிப்பது நல்லது, சிறுநீரை அடக்காமல் இருப்பதும் நல்லது. ஆனால் பத்து லிட்டர் தண்ணீரும் ஓர் உறிஞ்சி ஃபேனுக்கு ஈடாகாது. பால் குடித்தால், வெல்லம் தின்றால் சாயம் இறங்கிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

கடைசியாக உங்கள் துணிக் கேள்வி. வேலைத் துணி வழியாக வீட்டுக்கு நோய் வந்தது ஆஸ்பெஸ்டாஸில் உறுதியாகத் தெரிந்த விஷயம். கணவனின் வேலை உடுப்பை உதறித் துவைத்த பெண்களுக்கே நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வந்திருக்கிறது. சாயத்தில் அந்த மாதிரி நான் பார்த்ததில்லை. உங்களுக்குப் பட்ட அளவு உங்கள் வீட்டுக்காரருக்குப் பட்டதில் ஒரு துளிதான். அறிகுறி எதுவும் இல்லாதவரை நீங்கள் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். சிறுநீரில் ரத்தம் கண்டால் மட்டும், உங்களுக்கும் அதே விதிதான், சூடு என்று விடாதீர்கள். பெண்கள் இதை மாதவிடாய்க் கணக்கில் போட்டுவிட்டு இன்னும் தாமதமாக வருகிறார்கள். மகனுடைய துணியை இனிமேல் அவன் ஆலையிலேயே மாற்றிக் குளித்துவிட்டு வரட்டும். வீட்டுக்கு வந்தே தீரும் என்றால் உதறாமல் தனி வாளியில் முக்குங்கள்.

வீட்டில் பரண் மேல் இவருடைய பழைய சாமான் மூட்டை ஏதாவது கிடக்கும். வேலைச் சட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் சாயம் கலக்கியவர்கள் பலர் ஒரு கலர் நோட்டு வைத்திருப்பார்கள், எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று பென்சிலில் குறித்து, பக்கத்திலேயே ஒரு துணுக்கு நூலை ஒட்டி வைத்தது. அது அகப்பட்டால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த முழுத்தாளோடு சேர்த்து அதையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.